உமர் பாரூக்குக்கு இடம் போதவில்லை

மேலப்பாளையத்தில் உமர் பாரூக்கை நேரில் பார்த்திராதவர்கள் இருக்கலாம். அவர் அனுப்பிய ரோஜாப்பூவைப் பார்த்திராதவர்கள் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும், பனித்துளி சொட்டும் ரோஜாவும் அதன்மேல் ஜும்ஆ வாழ்த்துமாகத் தெருவில் பாதிப்பேரின் போனில் போய் உட்கார்ந்துகொள்வார். அனுப்புவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. அனுப்பியதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். பதிலுக்கு வந்ததையும் வைத்துக்கொள்வார். தான் அனுப்பிய ரோஜாவே நாலு கை மாறித் தனக்கே திரும்பி வந்தால், அதையும் தனியாக வைத்துக்கொள்வார். அழிப்பது என்ற காரியம் அந்த மனுஷர் ரத்தத்திலேயே கிடையாது.

அவர் பார்த்த வேலை அப்படி. முப்பது வருஷம் சவூதியில், தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பர். கம்பி, குழாய், பூட்டு, ஆணி எல்லாம் அவர் கைக்கு வந்துதான் வெளியே போகும். அங்கே ஒரு சட்டம் இருந்தது. உடைந்த சாமானோ துருப்பிடித்த சாமானோ, ஸ்டோர் கீப்பர் பெட்டியைத் திறந்து, தன் கண்ணால் பார்த்து, சரி என்று தலையாட்டாமல் குப்பைக்குப் போகக்கூடாது. மார்க்கக் கடமைகளுக்கு அடுத்தபடியாக உமர் பாரூக் கடைப்பிடித்தது அந்தச் சட்டத்தைத்தான்.

அந்தக் கிடங்கைப் பற்றி அவரிடம் ஒரு கதை உண்டு. ஒரு ஷெட் நிறைந்து வழிந்தபோது இன்னொன்று கேட்டு வாங்கினார். முதல் ஷெட்டைப் போல ரெண்டு மடங்கு. அடுத்த ரம்ஜான் வருவதற்குள் அதுவும் நிறைந்துவிட்டது. கம்பெனிக்கு வேலையும் கூடவில்லை, ஆளும் கூடவில்லை. எகிப்துக்கார மேனேஜர் ஷெட்டின் நடுவில் வந்து நின்று, இடுப்பில் கைவைத்து, "இதெல்லாம் இதுக்கு முன்னால எங்கே இருந்தது?" என்று கேட்டாராம்.

"எடத்தக் காட்டினா சாமானுக்குக் கால் மொளச்சிரும் வே! கூப்பிடாமலே நடந்து வந்து குந்திக்கிடும்" என்று முடித்து, உமர் பாரூக் வயிறு குலுங்கச் சிரிப்பார். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்வார். கேட்கிறவர்களும் அலுக்காமல் சிரிப்பார்கள். அவர் கொண்டுவந்த பெட்டி ஒவ்வொரு தடவையும் விமானக் கம்பெனி விட்ட எடைக்கு மேல் ரெண்டு கிலோ கூடத்தான் இருக்கும், அவர்கள் எத்தனை கிலோ விட்டாலும் சரி. அதைப் பார்த்தாவது சொந்தக் கதையைத்தான் சொல்லுகிறோம் என்று அவருக்கு உறைத்திருக்கலாம். உறைக்கவில்லை.

இந்த மனுஷருக்கு ஒரே ஒரு குறை. அதை அவர் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார். பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் இடது காதில் தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் சொல்லவேண்டும். உலகத்தில் அந்தப் பிள்ளை கேட்கிற முதல் வார்த்தை அதுவாக இருக்கவேண்டும். தகப்பன் சொல்வது விசேஷம். உமர் பாரூக்குக்கு ரெண்டு பிள்ளைகள். ரெண்டு பேர் காதிலும் அவர் குரல் விழவில்லை.

மூத்தவன் அம்மார் பிறந்தபோது அவர் தம்மாமில். பாங்கு சொன்னது அவருடைய வாப்பா. அதைக் கேசட்டில் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தார். அப்போதெல்லாம் சவூதிக்கும் மேலப்பாளையத்துக்கும் பேச்சு கேசட்டில்தான் போய்வரும். மனைவி சுபைதா பேகம் ஒரு மணி நேரக் கேசட்டில் முதலில் சலாம் சொல்லி, நலம் விசாரித்தாள். பிறகு மாமியார் பேசினார்கள். மச்சினன் பேசினான். எதிர்வீட்டுக் கல்யாணத்தில் கறி போதாமல் போன விவரம் வந்தது. கடைசியில் வாப்பா தொண்டையைச் செருமினார். டக்கென்று கேசட் முடிந்துவிட்டது. தம்மாமில் ரூமில் உட்கார்ந்து அந்தச் செருமலைத் திரும்பத் திரும்பக் கேட்டவர், அடுத்த ஆள் வசம் ஒன்றரை மணி நேரக் கேசட்டுகளாக வாங்கிக் கொடுத்தனுப்பினார். அதிலும் கடைசி வரைக்கும் பேச்சு இருந்தது. எதிர்வீட்டோடு பக்கத்து வீடும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மகள் அஸீலா பிறந்தபோது வாப்பா உயிரோடு இல்லை, மவுத்தாகியிருந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வந்து சொன்னார். டெலிபோனில் கேட்டுவிடலாம் என்று கார்டு வாங்கி வைத்திருந்தார் உமர் பாரூக். மோதினார் வந்து சேருவதற்குள் பேசிப் பேசியே கார்டு தீர்ந்துபோனது.

அன்றைக்கு அவர் மனதில் ஒன்று விழுந்தது. இடம் தீர்ந்துபோவதுதான் உலகத்திலேயே பெரிய கொடுமை. இனி எதிலும் இடம் தீரவிடக்கூடாது.

தம்மாமை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தபோது அவர் கையில் முப்பத்திரண்டு ஜிபி போன் இருந்தது. அது நிறைந்திருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் அம்மார், அறுபத்துநாலில் ஒன்று வாங்கிக் கொடுத்து, "இனி ஆயுசுக்கும் போதும் வாப்பா" என்றான். மழைக்காலம் தாண்டவில்லை. நூற்றிருபத்தெட்டு வந்தது. அப்போதும் ஆயுசுக்கும் போதும் என்றான். அவன் கணக்குப்படி வாப்பாவுக்கு ஆயுசு ஆறேழு மாசம்தான்.

என்னதான் வைக்கிறார் என்று பார்த்தால் விஷயம் எளிது. சின்ன போன் இருந்த காலத்தில் குடும்பத்தோடு மணிமுத்தாறு அருவிக்குப் போனார். அருவியைக் கொஞ்ச நேரம் படம் பிடித்தார், தண்ணீர் விழுந்தது. பெரிய போன் வந்த பிறகு மறுபடி போனார். போகிற வழி முழுக்க பஸ் ஜன்னல் வழியாக வாழைத்தோப்பு, பிறகு அருவி, மறுபடி அருவி, வருகிற வழியில் அதே வாழைத்தோப்பு அந்தப்பக்கமாக. தண்ணீர் முன்பு விழுந்த மாதிரியேதான் விழுந்தது. போதாததற்கு, வந்ததையெல்லாம் சுபைதாவின் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுவார். ஒன்று போனால் ஒன்று இருக்குமாம். அம்மார் பொறுக்கமாட்டாமல் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி அனுப்பினான். போன் முழுவதையும் அதில் ஏற்றினார். சரியாக ஏறிற்றா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை ஏற்றினார். மூன்றாவது தடவை, முதல் ரெண்டில் எது நல்லது என்று தெரியாததால். ஏற்றிய பிறகு போனிலிருந்து அழித்தாரா? அதுதான் இல்லை.

"வாப்பா, அந்த ரெண்டாவது ஷெட் கதயச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே, மறந்து போச்சா?" என்று கேட்டான் அம்மார்.

"அது சாமான்லே. கம்பி, குழாய். எடத்த அடைக்கும். இது கண்ணுக்கே தெரியாதது. இதுக்கு என்னத்துக்குலே எடம்?"

அம்மார் போனை வைத்துவிட்டான். படித்தவனுக்கே பதில் வராத கேள்வி என்று உமர் பாரூக்குக்கு அதில் ஒரு பெருமை.

அஸீலா கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். மாப்பிள்ளை அய்மன் தோஹாவில். லீவு கிடைக்கவில்லை. இந்த இடத்தில் உமர் பாரூக்குக்குப் பழைய குறை முழித்துக்கொண்டது. ஏழாம் மாசச் சாப்பாட்டுக்குக் களக்காட்டிலிருந்து சம்பந்தி மைதீன் பிச்சை வந்திருந்தார். வாழைத்தார் வியாபாரி, சொல் குறைவு, சிரிப்பு அதிகம். மகன் ஊரில் இல்லாதபோது பாங்கு சொல்லும் பாத்தியதை வாப்பாவழித் தாத்தாவான அவருக்குத்தான். சாப்பாடு முடிந்து கைகழுவும் இடத்தில் உமர் பாரூக் அவரை ஓரங்கட்டினார்.

"மச்சான், ஒங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். இல்லன்னு சொல்லிரக் கூடாது."

"கேளுங்க மச்சான்."

"பாங்கு நான் சொல்லட்டுமா? எம் புள்ளைகளுக்கு நான் சொல்லல. அந்தப் பாக்கியம் எனக்கு வாய்க்கல."

கையில் ஈரத்தோடு மைதீன் பிச்சை அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மகமாரு வழியில நாலு பேருக்குச் சொல்லியாச்சு. இது ஒங்களுக்குத்தான் மச்சான். நான் பக்கத்துல நின்னு ஆமீன் சொல்லுதேன்."

அன்றிலிருந்து உமர் பாரூக் தரையில் நடக்கவில்லை. தான் பட்ட பாட்டை மாப்பிள்ளை படக்கூடாது என்று ஒரு முடிவும் எடுத்தார். பாங்கு சொல்லுவதை ஒரு எழுத்து விடாமல் வீடியோ எடுத்து, அந்த நிமிஷமே தோஹாவுக்கு அனுப்பவேண்டும். இதற்கென்றே இருநூற்றைம்பத்தாறு ஜிபியில் புதுப் போன் வந்தது. விற்ற கடைக்காரர், இருக்கிறதிலேயே உயர்ந்த தரத்தில் படம் எடுக்கிற மாதிரி வைத்துக் கொடுத்து, "ஒரு வீடியோவுக்கு எடம் கொஞ்சம் கூடப் பிடிக்கும் பாய். ஒங்களுக்கு எதுக்குக் கவல, கடல் மாதிரி கெடக்கு" என்றார். பழைய போனில் இருந்ததெல்லாம் முதலில் கடலில் இறங்கியது. அப்புறமும் பாதி காலியாக இருந்தது. அதை அவர் அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்வார்.

ஒத்திகை ஆரம்பமானது. மாடி அறையில் தலையணையைக் கையில் ஏந்தி, மெல்லிய குரலில் பாங்கு சொல்லிப் பார்ப்பார். போனை ஜன்னலில் சாய்த்துவைத்து அதை எடுப்பார். பார்ப்பார். 'ஹய்ய அலல் ஃபலாஹ்' என்ற அடியில் மூச்சு வாங்குகிறது. மறுபடி எடுப்பார். இன்னொரு நாள் குரல் நன்றாக இருக்கும், தலையணை சரிந்திருக்கும். அசர் தொழுகைக்கு அதற்குள் நேரமாகிவிட்டதா என்று சுபைதா ரெண்டு தடவை அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஏமாந்தாள். ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏதோ ஒன்று நன்றாக இருந்ததால் எதையும் அழிக்கவில்லை. கூடவே, அஸீலா ஆஸ்பத்திரிக்குப் போனது, வந்தது, ஆட்டோ ஏறியது, இறங்கியது எல்லாம் உயர்ந்த தரத்தில் உள்ளே போயின.

"வாப்பா, எடம் பாத்தீங்களா?" என்று அம்மார் கேட்டான்.

"கடலுலே அது" என்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. காலையில் அஸீலாவை உள்ளே கொண்டுபோனார்கள். பத்தரை மணி போல ஆபரேஷன் என்றார்கள். வெளியே உமர் பாரூக், சுபைதா, களக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த மைதீன் பிச்சை மூவரும் ஓதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உமர் பாரூக் புதுச் சட்டை, அத்தர், தொப்பி. பிரசவம் அவருக்குத்தானோ என்று சுபைதா சிரித்தாள்.

கதவு திறந்தது. நர்ஸ் ஜெமிமா வெள்ளைத் துண்டில் சுற்றிய பிள்ளையோடு வந்தாள்.

"பொம்பளப் புள்ள. அக்கா நல்லா இருக்காங்க. குழந்த டாக்டர் உள்ள காத்துக்கிட்டு இருக்காங்க, ஒடனே கொண்டு போகணும். பாங்கு சொல்லுறதா இருந்தா இப்பமே சொல்லிருங்க ஐயா. அஞ்சு நிமிசம்தான்."

அல்ஹம்துலில்லாஹ் என்று மூன்று வாயும் ஒன்றாகச் சொன்னது. கண் மூடிய சின்ன முகம், நெற்றியில் ஈர முடி. அவர் ரெண்டு கையையும் நீட்டியிருக்கவேண்டும். போனை எடுத்தார். வீடியோவைப் போட்டு, சுபைதாவின் கையில் கொடுத்து, பிள்ளையை வாங்குவதாகத் திட்டம். சிவப்புப் பொட்டை அழுத்தினார். திரை கறுத்து, ஒரு வரி வந்தது: இடம் போதவில்லை. சிலவற்றை நீக்கவும்.

"ஒரு நிமிசம்மா" என்றார் ஜெமிமாவிடம்.

"என் போன்ல எடுப்போம்" என்று சுபைதா தன் போனை நீட்டினாள். அதிலும் அதே வரி. ஒன்று போனால் ஒன்று இருக்கும் என்று அவர் அனுப்பிய ரோஜாக்கள் அத்தனையும் அங்கே பூத்துக் குலுங்கின. மைதீன் பிச்சையின் போனில் பேச மட்டும்தான் முடியும்.

உமர் பாரூக் பெஞ்சில் உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தார். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு அமுக்கு அமுக்கினால் ஆயிரம் ரோஜா போயிருக்கும். முப்பது வருஷப் பழக்கம் விடுமா? ஒவ்வொன்றாகத் திறந்தார், கண்ணால் பார்த்தார். ஒரு ஒத்திகை, இதில் குரல் நன்றாக வந்திருக்கிறது, இருக்கட்டும். அடுத்த ஒத்திகை, தலையணை சரியாக இருக்கிறது. ஒரு ரோஜா; போகட்டும். இன்னொரு ரோஜா, இது வேறே ரோஜா மாதிரி இருக்கிறதே. அஸீலா ஆட்டோவில் ஏறுகிறாள். இதை எப்படி அழிப்பது?

"அதத் தூரப் போட்டுட்டு வாங்களேன்" என்றாள் சுபைதா. "பச்சப்புள்ளய வெளிய வச்சுக்கிட்டு என்ன பண்ணுதிய?"

"அய்மன் பாக்க வேண்டாமா? நான் பட்டத அந்தப் பையனும் படணுமா? இந்தா, ஆச்சு."

"ஐயா, நேரமாகுது" என்றாள் ஜெமிமா.

"மச்சான், வாங்க மச்சான். அப்புறம் பாத்துக்கிடலாம்" என்று மைதீன் பிச்சை கூப்பிட்டார்.

"இந்தா மச்சான், ஒரே நிமிசம்."

பிள்ளை வீரிட்டு அழுதது. ஜெமிமா ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள், உள்ளே போகத் திரும்பினாள். மைதீன் பிச்சை சுபைதாவைப் பார்த்தார். சுபைதா கணவரைப் பார்த்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் விட்டுக்கொண்டு, சம்பந்தியிடம் சரி என்று தலையசைத்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மைதீன் பிச்சை பிள்ளையை வாங்கி, தொழும் திசையான கிப்லா பக்கம் திரும்பி, வலது காதில் வாய் வைத்தார்.

"அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்."

உமர் பாரூக் அப்போதுதான் மணிமுத்தாறு அருவியை அழித்து முடித்திருந்தார். பெரிய வீடியோ, நல்ல இடம் கிடைத்தது. சத்தம் கேட்டு நிமிர்ந்தார். இத்தனை வருஷமாகக் கடல் தாண்டித் தவறவிட்டதை இந்தத் தடவை நாலு எட்டு தூரத்தில் இருந்து தவறவிட்டிருந்தார். எழுந்து போய்ப் பறித்துக்கொள்ளவா முடியும்? பாங்கை நடுவில் நிறுத்தலாமா?

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை போனைத் தூக்கியது. சிவப்புப் பொட்டை அழுத்தியது. இந்தத் தடவை எடுத்தது. தெளிவாக எடுத்தது.

பாங்கு முடிந்தது. மைதீன் பிச்சை திரும்பினார். திருடிவிட்டவர் மாதிரி முகம் சுருங்கியிருந்தது. பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி உமர் பாரூக்குக்கு நீட்டினார்.

"மச்சான், மன்னிச்சிருங்க. இகாமத்த நீங்க சொல்லுங்க. இந்தக் காது ஒங்களுக்குத்தான். பைய வாங்க, நர்ஸம்மா நிப்பாங்க."

ஜெமிமாவும் நின்றாள், அவளுக்கே மனசு கேட்கவில்லை.

திரையில் பிள்ளையின் முகம் பளிச்சென்று இருந்தது. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தினால் மறுபடி அந்த வரி வந்துவிடுமோ?

"குடுங்க இங்க, நான் பிடிக்கேன்" என்று சுபைதா கையை நீட்டினாள்.

"ஒனக்குக் கை நடுங்கும்" என்றார் உமர் பாரூக். பிறகு சம்பந்தியிடம், "நீங்களே சொல்லுங்க மச்சான். ஓடிக்கிட்டு இருக்கு. எடம் இருக்கு" என்றார்.

மைதீன் பிச்சை பிள்ளையை மெல்லத் திருப்பி இடது காதில் இகாமத் சொன்னார். ஜெமிமா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடும் வரைக்கும் உமர் பாரூக் எடுத்தார். மூடிய கதவையும் கொஞ்சம் எடுத்தார். உயர்ந்த தரமல்லவா, அருவி விட்டுப்போன இடத்தை அந்த ஒரு வீடியோ முழுசாக எடுத்துக்கொண்டது.

சுபைதா அவரோடு பேசவில்லை. மைதீன் பிச்சை டீ வாங்கிவருகிறேன் என்று வெளியே போனார். உமர் பாரூக் பெஞ்சில் உட்கார்ந்து வீடியோவைத் தோஹாவுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுப் பார்த்தார். சம்பந்தியின் குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. 'ஹய்ய அலல் ஃபலாஹ்'வில் மூச்சு வாங்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அய்மன் கூப்பிட்டான். அழுதுகொண்டே சிரித்தான்.

"மாமா, திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருக்கேன். பக்கத்துல நிக்க மாதிரியே இருக்கு. வாப்பா சொல்லுறது ஒவ்வொரு எழுத்தும் கேக்குது. மாமியோட கை தெரியுது, நர்ஸ் தெரியுறாங்க. எல்லாரும் தெரியுறாங்க." அவன் கொஞ்சம் தயங்கினான். "நீங்கதான சொல்லுறதா இருந்துச்சு? ஒங்க சத்தம் மட்டும் கேக்குது, ஒங்களத்தான் மாமா காணல. நீங்க எங்க நின்னீங்க?"

உமர் பாரூக் மடியில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான் மாப்பிள்ள எடுத்தேன்" என்றார்.